கண்டெடுத்த படச்சுருள்



உங்கள் வீட்டுப் பிள்ளை பழைய கேமரா ஒன்றை வாங்கி வருகிறான். அதற்குள், யாரோ எப்போதோ படமெடுத்துக் கழுவாமலே விட்டுவிட்ட பிலிம் சுருள் ஒன்று இருக்கிறது. "திறந்து பார்க்கட்டுமா?" என்று உங்களிடம் கேட்கிறான். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

கீழ்வேளூரில், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது. கேட்டவன் என்னிடம் ஓதும் பதினைந்து வயது மாணவன். காயலாங்கடையில் எடைக்குப் போட்ட சாமான்களுக்கிடையே தோலுறையோடு கிடந்த அந்தக் கேமராவை, தன் கைக்காசைக் கொடுத்து வாங்கியிருந்தான். அக்ஃபா 'கிளிக்-3' என்னும் வகை அது. பரோடாவில் தயாராகி, ஒரு தலைமுறைக்கு முன் நடுத்தரக் குடும்பங்களில் பெரிதும் புழங்கியது. ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள் எடுக்கலாம். எத்தனையாவது படம் என்பதை அறிய அதன் முதுகில் சிவப்பு நிறச் சிறு சன்னல் ஒன்று உண்டு. அதில் 9 என்ற எண் மங்கலாகத் தெரிந்தது. எட்டுப் படங்களையாவது எடுத்த பின், ஏதோ காரணத்தால் அந்தக் கேமராவை யாரோ மூடி வைத்துவிட்டார்.

மாணவனின் விரல் பின்மூடியின் மேல் இருந்தது. "திறக்காதே!" என்றேன். ஒரு விநாடி வெளிச்சம் போதும்; பல்லாண்டுகள் காத்திருந்தது அக்கணமே பாழாகிவிடும்.

அன்று அவனைத் தடுத்தது சரியே. ஆனால் அதற்குப் பின் நான் செய்ததில் ஒரு பிழை இருந்தது. அந்தப் பிழையை உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

உறங்கும் உருவம்

கழுவாத பிலிமில் படம் எங்கே இருக்கிறது என்று மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி.

பிலிமின் மேல் ஜெலட்டின் படலம் ஒன்று பூசப்பட்டிருக்கும். அதற்குள் வெள்ளியின் உப்புப் படிகங்கள் எண்ணிலடங்காமல் சிதறிக் கிடக்கின்றன. ஒளி பட்ட படிகத்தில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்து ஒரு நுண்புள்ளியாகின்றன. எந்தக் கண்ணுக்கும் அது புலப்படாது. கழுவும் மருந்து அந்தப் புள்ளியைப் பற்றிக்கொண்டு படிகம் முழுவதையும் கறுத்த வெள்ளியாக மாற்றுகிறது. நூறு கோடி மடங்கு வரை பெருக்கிக் காட்டுகிறது. அதன்பின் 'ஹைப்போ' கரைசல், ஒளி படாத படிகங்களைக் கரைத்து நீக்கிவிடுகிறது. எஞ்சுவதே நெகட்டிவ். கழுவும் வரை படம் அழிந்துபோகவில்லை, உறங்குகிறது.

இந்தக் கலையின் வேரில் நம் முன்னோர் ஒருவர் இருக்கிறார். கி.பி. 965-ல் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைஸம், 'கிதாபுல் மனாழிர்' என்ற தம் பெருநூலில் இருட்டறைச் சோதனை ஒன்றை விவரிக்கிறார். ஒரு துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வரிசையாக வைத்தால், இருட்டறையின் சுவரில் அத்தனை ஒளித்திட்டுகள் விழுகின்றன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டும் மறைகிறது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பதை இதன் மூலம் நிறுவினார். கேமராவும் சிறு துவாரமுள்ள ஓர் இருட்டறைதான். அந்த இருட்டறையின் சுவரில் விழுந்ததைப் பிடித்து வைக்கும் வழி, எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரே மனிதனுக்குக் கிட்டியது.

முப்பத்து மூன்று ஆண்டுகள் பனியில்

எவ்வளவு காலம் அந்த உருவம் உறங்கமுடியும்? இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு.

1897 ஜூலையில் சுவீடன் நாட்டு ஆந்த்ரே என்பவர், தோழர்கள் இருவருடன் பலூனில் ஏறி வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டார். மூன்று நாட்களில் பலூன் பனிப்பரப்பில் இறங்கிவிட்டது. மூவரும் மாதக்கணக்கில் பனியில் நடந்து, க்விடோயா என்னும் தீவில் ஒதுங்கி, அங்கேயே மாண்டனர். 1930-ல் நார்வேக் கப்பல் ஒன்று அத்தீவை அடைந்தபோதுதான் அவர்கள் கதி தெரியவந்தது. தோழர்களில் ஒருவரான ஸ்ட்ரின்ட்பெர்க் எடுத்த படச்சுருள்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற வல்லுநர் அவற்றைப் பெருங்கவனத்தோடு கழுவினார். 33 ஆண்டுகள் பனியில் கிடந்த 240 படங்களில் 93 மீண்டன. தரையிறங்கிய பலூனின் அருகே இருவர் நின்று பார்க்கும் காட்சியை இன்றும் உலகம் காண்கிறது.

2014-ன் இறுதியில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த ஏலம் ஒன்றில், இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படைவீரர் ஒருவர் எடுத்துக் கழுவாமல் விட்ட 31 சுருள்கள் கிடைத்தன. இத்தகைய அநாதைச் சுருள்களைத் தேடி மீட்பதையே பணியாகக் கொண்ட லீவை பெட்வைசர், அவற்றை ஒவ்வொன்றாகக் கழுவினார். துறைமுகங்களும் முகாம்களும் வீரர்களின் முகங்களும் எழுந்து வந்தன. எடுத்தவரின் பெயர்தான் கிடைக்கவில்லை.

துருவப் பனி செய்த உதவியை நம் காவிரிப்படுகை செய்யாது. வெப்பமும் ஈரக்காற்றும் பிலிமின் பகைவர்கள். ஐப்பசி அடைமழையில் ஜெலட்டின் படலம் ஈரம் குடிக்கும். பூஞ்சை அதை உண்ணும். ஆண்டுகள் செல்லச்செல்ல, ஒளி படாத படிகங்களும் தாமாகவே கறுக்கத் தொடங்கிப் படத்தின் மேல் மூடுபனிபோல் படரும். எனவே எங்கள் சுருளில் என்ன எஞ்சியிருக்கும் என்பதைச் சொல்ல முடியாதிருந்தது.

இருட்டறையில்

நாகப்பட்டினத்தில் முன்னாளில் ஸ்டுடியோ நடத்தி, இன்றும் தம் இருட்டறையைக் கைவிடாத பெரியவர் ஒருவரிடம் சென்றோம். கேமராவை அவர் உடனே திறக்கவில்லை. சுருள் காய்ந்து முறுகியிருக்கும் என்பதால், திருகியை மிக மெதுவாகச் சுற்றி, பிலிம் முழுவதும் மறுபக்கக் கட்டைக்குச் சென்ற பின்னரே, இருட்டில் வெளியே எடுத்தார்.

மேற்தாளில் 'இந்து' என்ற பெயர் இருந்தது. 1960-ல் உதகமண்டலத்தில் அரசு நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் தயாரிப்பு அது. அந்த ஆலை இன்று இயங்கவில்லை; அதன் சுருள்கள் மட்டும் பலர் வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கக்கூடும்.

கறுப்பு வெள்ளைச் சுருளாக இருந்தது நல்லதாயிற்று. பழைய வண்ணச் சுருள்கள் பலவற்றுக்குரிய மருந்துகள் இப்போது கிடைப்பதில்லை. கோடக்ரோம் என்னும் புகழ்பெற்ற வண்ணச் சுருளைக் கழுவிவந்த கடைசிக் கூடமும், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், 2010 டிசம்பர் 30-ஆம் நாளோடு சுருள் பெறுவதை நிறுத்திக்கொண்டது. அத்தகையவற்றை இனிக் கறுப்பு வெள்ளையாகவே மீட்க முடியும்.

பெரியவர் முதலில் சுருளின் நுனியைச் சிறிது வெட்டிக் கழுவிப் பார்த்தார். பிறகு மெட்டால், ஹைட்ரோகுவினோன் கலந்த மருந்தில், மூடுபனியைக் குறைப்பதற்காகப் பொட்டாசியம் புரோமைடைச் சற்றுக் கூட்டிச் சேர்த்தார். மருந்தை வழக்கத்தைவிடக் குளிர்வித்தார். கழுவி, ஹைப்போவில் இட்டு, நெடுநேரம் நீரில் அலசி, கொடியில் தொங்கவிட்டார்.

நான்கு படங்கள் மீண்டிருந்தன. மற்றவை கருமையில் மூழ்கிவிட்டன. மேற்தாளிலிருந்த எண்கள் ஈரத்தால் பிலிமில் ஒட்டி, சில படங்களின் நடுவே நிழலாகத் தெரிந்தன.

முதற்படத்தில் மிதிவண்டியோடு ஒரு சிறுவன். இரண்டாவதில் களத்துமேட்டில் நெற்போர். மூன்றாவதில் திண்ணையில் சாய்நாற்காலியில் ஒரு முதியவர். ஒரு கையை முகத்துக்கு முன் உயர்த்தியிருந்தார். வெயிலுக்காக மறைத்தாரோ என எண்ணிக்கொண்டேன். நான்காவது, ஒரு வீட்டின் உள்முற்றம். ஊஞ்சலைச் சுற்றிப் பெண்கள். நெகட்டிவில் முகம் கறுத்தும் கூந்தல் வெளுத்தும் இருக்குமாதலால் யார் என்று அறிய முடியாது. அந்த அளவோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் படத்தை அச்சிட வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அதை என் மனைவியிடம் கொடுத்தேன். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தலையில் முந்தானைகூட இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டாருக்குள் எடுத்த படம். வீட்டாருக்குத்தான் போகவேண்டும்" என்று சொல்லி உறையிலிட்டு மூடினாள்.

கைப்பேசியில் வந்த சோதனை

மறுநாள் மாணவன் தயங்கித் தயங்கி ஓர் உண்மையைச் சொன்னான். பெரியவர் வீட்டில் நெகட்டிவ் காய்ந்துகொண்டிருந்தபோது நான்கையும் தன் கைப்பேசியில் பிடித்திருந்தான். கைப்பேசி ஒரு தொடுதலில் கறுப்பை வெள்ளையாக மாற்றிவிடுகிறது. நாங்கள் மூடி வைத்த முகங்கள் அவன் கையில் தெளிவாக இருந்தன.

"இவர்கள் யார் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும் ஹஜ்ரத்" என்றான். அவன் நோக்கம் நல்லதுதான். உரியவரைக் கண்டுபிடிக்கவே விரும்பினான்.

நான் அவனிடம் கேட்டேன்: "உன் நன்னி புதுப்பெண்ணாக வீட்டுக்குள் இருந்த படம் யாரோ ஒருவருக்குக் கிடைத்து, அவர் அதை ஊர் முழுக்க அனுப்பி, 'இது யார்?' என்று கேட்டால் உனக்கு எப்படி இருக்கும்?" அவன் பதில் பேசவில்லை. என் முன்னாலேயே நான்கையும் அழித்தான்.

அனுமதியின்றிப் பிறர் இல்லத்தில் நுழையக்கூடாது என்பதைத் திருமறையின் 24:27 வசனம் நமக்குக் கற்பிக்கிறது. கதவின் துவாரம் வழியே உள்ளே பார்த்த ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததும், பார்வையின் பொருட்டே அனுமதி கேட்பது விதிக்கப்பட்டது என்று உணர்த்தியதும் புகாரியில் பதிவாகியுள்ளன. கேமராவின் துவாரமும் ஒரு கதவுத் துவாரம்தான். காலம் கடந்துவிட்டதால் அது பொதுவழியாகிவிடாது.

பிறர் கண்டெடுத்தவை

இத்தகைய சோதனை நமக்கு மட்டும் வருவதன்று.

2012-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலுள்ள அரசுத் தொல்பொருள் ஆணையத்தின் சேகரிப்பில், காலணிப் பெட்டி ஒன்றிலிருந்து 178 கண்ணாடி நெகட்டிவ்கள் வெளிப்பட்டன. 1914-ஆம் ஆண்டின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் சுற்றப்பட்டிருந்தன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வருகைக்காக விளக்கேற்றிய கல்கத்தாவின் கட்டடங்கள், சந்த்பால் துறையில் வந்து நிற்கும் கப்பல்கள், மைதானத்தில் கூடிய மக்கள் என நூறாண்டுக்கு முந்திய இந்தியா அவற்றில் இருந்தது. எடுத்தவர் யார் என்பது தெரியாததால், படங்களை வெளியிட்டுப் பொதுமக்களிடமே உதவி கேட்டார்கள். தெருவும் துறைமுகமும் ஊர்ப்பொது. அங்கே அது பொருந்தும்.

நம் தமிழகத்திலும், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிப் பிரதி எடுத்துக் காத்தனர். கடை மூடும்போது குப்பைக்கோ, வெள்ளி பிரிப்பவர்களுக்கோ போய்விடும் குடும்பப் படங்கள் அவை.

சிகாகோவில் நடந்தது வேறுவிதம். 2007-ல், வாடகை செலுத்தப்படாத கிடங்கு அறை ஒன்றின் பொருட்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. ஜான் மாலூஃப் என்ற இளைஞர் நெகட்டிவ் பெட்டி ஒன்றை வாங்கினார். வீடுகளில் குழந்தை வளர்க்கும் பணியிலிருந்த விவியன் மேயர் என்ற பெண்மணி எடுத்தவை அவை. மொத்தத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவர் கழுவாமலே வைத்திருந்த சுருள்களும் ஏராளம். இன்று அவர் உலகப்புகழ் பெற்ற கலைஞர். ஆனால் ஏலம் நடந்தபோது அந்த அம்மையார் உயிரோடுதான் இருந்தார். 2009 ஏப்ரலில் அவர் மறைந்து சில நாட்கள் சென்ற பிறகே, மாலூஃப் அவரைப் பற்றிய இரங்கல் குறிப்பைக் கண்டார். 'நான் காட்டாமல் வைத்ததைக் காட்டலாமா?' என்று அவரிடம் கேட்க இனி யாராலும் முடியாது. 2014-ல் அப்படங்களின் உரிமை யாருக்கு என்பது நீதிமன்றம் வரை சென்றது.

நெகட்டிவை விலைக்கு வாங்கியவர் படத்தின் உரிமையை வாங்கியவராகிவிடுவதில்லை. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் 2012-ன் திருத்தத்துக்குப் பின், எடுத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் படத்தின் மீது உரிமை அளிக்கிறது.

அடையாளம் கேட்டோம்

கண்டெடுத்த பொருளுக்கு, அதாவது 'லுக்தா'வுக்கு, மார்க்கம் தெளிவான ஒழுங்கை வகுத்துள்ளது. ஸைத் இப்னு காலித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து இது: கண்டெடுத்தவர் அப்பொருளின் பையையும் அதன் கட்டையும் நன்கு அறிந்து வைத்துக்கொள்ளவேண்டும், ஓராண்டு அறிவிக்கவேண்டும், உரியவர் வந்தால் ஒப்படைக்கவேண்டும். காசு கொடுத்து வாங்கிய கேமராவுக்குள் இருந்த சுருள் முழுமையாக இச்சட்டத்தின்கீழ் வருமா என்பதை ஆலிம்கள் ஆராயட்டும். ஆனால் இந்த ஒழுங்கிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். கண்டெடுத்தவர் பொருளை ஊருக்கு விரித்துக் காட்டுவதில்லை. அடையாளத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, வருபவரைச் சொல்லச் சொல்கிறார். படங்களைக் காட்டாமலே உரியவரைத் தேட இதைவிடச் சிறந்த வழி எது?

எனவே அறிவிப்பு ஒன்றை எழுதினோம்: "தோலுறையோடு பழைய கேமரா ஒன்று கிடைத்துள்ளது. உறையின் அடையாளம் சொல்பவர் பெற்றுக்கொள்ளலாம்." காணாமற்போன பொருளைப் பள்ளிவாசலுக்குள் கூவித் தேடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. ஆகவே ஜும்ஆ முடிந்து மக்கள் வெளிவரும் வாசலில் நின்று அறிவித்தோம். காயலாங்கடையிலும் தேநீர்க் கடையிலும் ஒட்டினோம். மாணவன் அதே வாசகத்தை, படமில்லாமல், வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பினான்.

இருவர் வந்தனர். அடையாளம் பொருந்தவில்லை. நாற்பது நாட்கள் சென்றன.

மூதாட்டி சொன்னது

ஒரு நாள், பக்கத்து ஊரிலிருந்து எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் பேரனோடு வந்தார். "உறையின் வாரில் ஒரு பக்கம் வளையம் இருக்காது. செப்புக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கும். அண்ணன் கட்டியது" என்றார். அப்படியே இருந்தது.

அண்ணன் சபரிலேயே மௌத்தாகிவிட்டார். அவர் வீடு கைமாறியபோது சாமான்களோடு கேமராவும் எடைக்குப் போய்விட்டது. என் மனைவி அவரை உள்ளே அழைத்துச் சென்று உறையைக் கொடுத்தாள். ஊஞ்சல் படத்தில் தம்மையும் மைனியையும் கண்டுகொண்டு சிரித்தாராம். திண்ணை முதியவரின் படத்தைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டதாம்.

அது அவருடைய அத்தா. படமெடுப்பது கூடாது என்பதில் உறுதியாக இருந்தவர். இந்த விஷயத்தில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீயீ போன்றோர், நிழலைப் பிடித்து வைப்பதேயன்றிப் படைப்பதன்று என்று அனுமதித்தனர், மறுத்தோரும் பலர். அந்த அத்தா மறுத்தோரைப் பின்பற்றியவர். அவர் வேண்டாமென்று கையை உயர்த்தியபோதே மகன் விசையை அமுக்கிவிட்டார். வீட்டில் பெரும் மனவருத்தம் ஏற்பட்டது. "இனி இந்தச் சுருளைக் கழுவமாட்டேன்" என்று அத்தாவுக்கு வாக்களித்து, அண்ணன் கேமராவை மூடி வைத்துவிட்டார்.

வாசகர்களே! அந்தச் சுருள் மறதியால் கழுவப்படாமல் கிடக்கவில்லை. ஒரு மகன் தந்தைக்குக் கொடுத்த வாக்கினால் கிடந்தது. அதைத்தான் நாங்கள் கழுவினோம்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் கழுவாமலே தந்திருந்தால் நானும் கழுவியிருக்கமாட்டேன், ஹஜ்ரத். இப்போது அத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். என்னிடம் அவர்கள் படம் ஒன்றுகூடக் கிடையாது" என்றார். சற்றுப் பொறுத்து, "சட்டம் போட்டு மாட்டமாட்டேன். அத்தா விரும்பமாட்டார்கள்" என்றார். படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டார். கேமராவை மட்டும் மாணவனிடமே கொடுத்துவிட்டார்.

அவருடைய மகிழ்ச்சி என் பிழையைச் சரியாக்கிவிடாது. முதலில் உரியவரைத் தேடியிருக்கவேண்டும். கழுவுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்திருக்கவேண்டும். பல்லாண்டுகள் காத்திருந்த சுருள் இன்னும் ஓராண்டு காத்திருக்காதா?

உங்கள் வீட்டில் கிடைத்தால்

பழைய கேமரா கைக்கு வந்தால் பின்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே சுருள் இருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். உறை, வார், எழுத்துக்குறி ஆகிய அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, விற்றவரிடம் விசாரியுங்கள். அடையாளத்தை வெளியிடாமல் அறிவியுங்கள். ஓராண்டு தேடியும் உரியவர் கிடைக்காவிட்டால், பழைய சுருள்களைக் கையாளத் தெரிந்தவரிடம் மட்டும் கழுவக் கொடுங்கள். வீட்டுக்குள் எடுத்த படங்களை வெளியே பரப்பாதீர்கள். உங்கள் வீட்டுப் பழைய கேமராவை எடைக்குப் போடுமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பே.

கேமரா விலைக்கு வரும். அதற்குள் இருக்கும் முகங்கள் விலைக்கு வருவதில்லை. அவை அமானிதம். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை (4:58) நமக்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையைப் பேணி நடக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.